கால் மைலுக்கு 8.8 வினாடி

10, 9.8, 9.4, 9.2, 8.8.

ஓடும் ரயிலில் உட்கார்ந்தபடி ஒருவர் ஸ்டாப்வாட்ச்சைப் பார்த்துக் குறித்துக்கொண்ட ஐந்து எண்கள் இவை. நாள் 1904 மே 9, திங்கட்கிழமை. இடம் தென்மேற்கு இங்கிலாந்தில், வெலிங்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு நீண்ட சரிவு. கால் மைல் தூரத்தைக் கடக்க ரயிலுக்கு எத்தனை வினாடி ஆனது என்பதைத்தான் ஒவ்வோர் எண்ணும் சொல்கிறது. கால் மைல் என்றால் 402.3 மீட்டர். கடைசிக் கால் மைலை 8.8 வினாடியில் கடந்தது என்றால் அந்த ரயிலின் வேகம் மணிக்கு 164.6 கிலோமீட்டர். அந்த ஊர்க் கணக்கில் மணிக்கு 102.3 மைல்.

மணிக்கு 100 மைல் என்பது அன்றைக்கு ரயில்காரர்களின் பெருங்கனவு. தெருக்களில் குதிரை வண்டிகள்தான் நிறைய ஓடிக்கொண்டிருந்தன. ரைட் சகோதரர்களின் விமானம் பறந்து ஐந்து மாதம்கூட நிறையவில்லை. அமெரிக்காவில் 1893-இல் ஓர் இன்ஜின் 112 மைல் வேகத்தைத் தொட்டதாகச் சொன்னார்கள். ஆனால் அதை ஏற்றுக்கொண்டவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் வெலிங்டன் சரிவில் எடுத்த இந்த ஐந்து எண்களுக்கு அவ்வளவு மதிப்பு. நூற்று இருபது ஆண்டுகள் கழிந்தும் ரயில் ஆர்வலர்கள் இவற்றை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். அந்த வாதத்தில் நீங்களும் கலந்துகொள்ளலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

முதலில் இன்ஜினைப் பார்த்துவிடுவோம்.

அதன் பெயர் சிட்டி ஆஃப் ட்ரூரோ. எண் 3440. கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே என்ற கம்பெனி தன்னுடைய ஸ்விண்டன் தொழிற்சாலையில் 1903-இல் கட்டிய பத்து இன்ஜின்களில் அது ஒன்று. பத்துக்கும் தங்கள் ரயில் போகும் பகுதியிலிருந்த நகரங்களின் பெயரையே வைத்தார்கள்: பாத், பிரிஸ்டல், லண்டன், எக்ஸிடர் என்று. அதனால் இந்த வகைக்கே ‘சிட்டி’ என்று பெயர் வந்தது. பழைய இன்ஜின்கள் பத்துக்குப் புதிய பாய்லரைப் பொருத்தி அவற்றையும் இந்த வகையில் சேர்த்தார்கள். மொத்தம் இருபது. ஸ்விண்டனில் கட்டிய இரண்டாயிரமாவது இன்ஜின் என்ற பெருமையும் சிட்டி ஆஃப் ட்ரூரோவுக்கு உண்டு.

இந்த இன்ஜின்களுக்குப் பின்னால் இருந்தவர் ஜார்ஜ் ஜாக்சன் சர்ச்வர்ட். டெவன் மாவட்டத்தில் 1857-இல் பிறந்தவர். 1902-இல் கம்பெனியின் இன்ஜின் பிரிவுக்குத் தலைவரானார். அவருடைய கவனமெல்லாம் பாய்லர் மேல்தான் இருந்தது. இன்ஜினின் பலம் சக்கரத்திலோ பிஸ்டனிலோ இல்லை, எவ்வளவு வேகமாக நீராவி உண்டாக்க முடிகிறது என்பதில்தான் இருக்கிறது என்று அவர் உறுதியாக நம்பினார். சிட்டி வகையைப் பார்த்தால் அவர் நம்பிக்கை சரி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இதன் சட்டமும் சக்கரமும் பெரும்பாலும் பழைய பாணிதான். புதியது பாய்லர் ஒன்றே.

அந்தப் பாய்லரில் என்ன புதுமை? நீராவி இன்ஜினின் பின்பக்கம், ஓட்டுநர் நிற்கும் இடத்துக்கு முன்னால், நிலக்கரி எரியும் நெருப்பு அறை இருக்கும். அங்கிருந்து சூடான புகை நூற்றுக்கணக்கான குழாய்கள் வழியாக முன்பக்கம் போய்ப் புகைபோக்கியில் வெளியேறும். குழாய்களைச் சுற்றித் தண்ணீர். புகை போகப் போகத் தன் சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்துவிடும். சூடு மிகவும் அதிகமாக இருப்பது நெருப்பு அறையைச் சுற்றித்தான், அங்கேதான் தண்ணீர் மிக வேகமாகக் கொதிக்கும். ஆனால் பழைய பாய்லர்கள் முன்னும் பின்னும் ஒரே பருமனில் உருளையாக இருந்தன. சர்ச்வர்ட் பாய்லரைப் பின்பக்கம் பருமனாகவும் முன்பக்கம் ஒடுங்கியும் செய்தார். கொதிப்பு அதிகமாக உள்ள இடத்தில் தண்ணீருக்கும் நீராவிக்கும் இடம் அதிகம். சூடு குறைந்த முன்பக்கத்தில் வீணாக எடையைச் சுமக்க வேண்டியதில்லை. நெருப்பு அறையின் மேற்பகுதியையும் வளைவாக இல்லாமல் தட்டையாக வைத்தார். அதனால் கொதிக்கும் தண்ணீருக்கு மேல் நீராவி சேர நல்ல அகலமான இடம் கிடைத்தது. மற்ற இன்ஜின்களின் முதுகில் நீராவியைச் சேகரிக்க ஒரு குமிழ் துருத்திக்கொண்டிருக்கும். சிட்டி வகையின் முதுகில் அது இருக்காது.

இப்படி உண்டாகும் நீராவி ஒரு சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 200 பவுண்டு அழுத்தத்தில் இருக்கும். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போலக் கிட்டத்தட்ட பதினான்கு மடங்கு. அது சிலிண்டருக்குள் புகுந்து பிஸ்டனைத் தள்ளும். வேலை முடிந்த நீராவியை வெறுமனே வெளியே விட்டுவிட மாட்டார்கள். புகைபோக்கிக்கு நேர் கீழே ஒரு குறுகிய குழாய் வழியாக மேல்நோக்கிப் பாய்ச்சுவார்கள். அது சீறிக்கொண்டு மேலே போகும்போது புகையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். புகை போன இடத்தை நிரப்ப நெருப்பு அறைக்குள் புதிய காற்று பாய்ந்து வரும். ஊதுகுழலால் ஊதினால் அடுப்பு சடசடவென்று பற்றிக்கொள்ளும் அல்லவா, அந்த வேலையை இன்ஜின் தானாகவே செய்துகொள்கிறது. இதில் உள்ள அழகைக் கவனியுங்கள்: இன்ஜின் கடினமாக உழைத்தால் அதிக நீராவி புகைபோக்கியில் போகும், அதிகம் போனால் காற்று அதிகமாக இழுக்கப்படும், நெருப்பு கொழுந்துவிடும், நீராவியும் அதிகமாகக் கிடைக்கும். எப்போது பலம் தேவையோ அப்போது நெருப்பு தானே வலுக்கிறது. யாரும் ஒரு பொத்தானைக்கூட அழுத்த வேண்டாம். பயர்மேன் மட்டும் கரியை அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

நீராவி இன்ஜின் என்றதும் ‘குப் குப்’ சத்தம் நினைவுக்கு வரும். ஒவ்வொரு ‘குப்’பும் ஒருமுறை நீராவி புகைபோக்கியில் பாயும் ஓசை. இரண்டு சிலிண்டர்கள், ஒவ்வொன்றிலும் பிஸ்டனின் இரு பக்கமும் நீராவி வேலை செய்யும், ஆக, சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு ‘குப்’. சிட்டி ஆஃப் ட்ரூரோவின் பெரிய சக்கரங்களின் விட்டம் 2.04 மீட்டர். ஒரு பெரிய ஆளைவிட உயரம். சுற்றளவு ஏறக்குறைய 6.4 மீட்டர். மணிக்கு 100 மைல் என்பது வினாடிக்கு 44.7 மீட்டர். அப்படியென்றால் அந்த ராட்சதச் சக்கரம் வினாடிக்கு ஏழு சுற்றுச் சுற்ற வேண்டும். வினாடிக்கு 28 ‘குப்’! அவ்வளவு வேகத்தில் நம் காது அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது. எல்லாம் சேர்ந்து ஒரே ரீங்காரமாகிவிடும்.

சிட்டி வகை பிறந்த ஆண்டிலேயே பெயர் வாங்கிவிட்டது. 1903 ஜூலை 14 அன்று சிட்டி ஆஃப் பாத் இன்ஜின், பின்னாளில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜாக ஆன இளவரசரின் ரயிலை லண்டன் பாடிங்டனிலிருந்து பிளிமத் வரை இழுத்துச் சென்றது. 246 மைல். இடையில் எங்கும் நிற்கவில்லை. மூன்று மணி 53 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது; சராசரி வேகம் மணிக்கு 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். நிற்காமல் போனால் தண்ணீருக்கு என்ன செய்வது? பாய்லர் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கிறதே! அதற்கும் ஒரு வழி இருந்தது. சில இடங்களில் தண்டவாளங்கள் இரண்டுக்கும் நடுவே நீளமான, ஆழமில்லாத தொட்டி அமைத்து அதில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். ரயில் அதன் மேல் ஓடும்போது பயர்மேன் ஓர் அகப்பையைக் கீழே இறக்குவார். ரயிலின் வேகமே தண்ணீரை வாரி, குழாய் வழியாக மேலே ஏற்றி, இன்ஜினுக்குப் பின்னால் உள்ள தொட்டியில் கொட்டிவிடும். பம்பே தேவையில்லை. ஜான் ராம்ஸ்பாட்டம் என்ற பொறியாளர் 1860-இல் யோசித்துச் செய்தது இது.

இப்போது 1904 மே மாதத்துக்கு வருவோம்.

அமெரிக்காவிலிருந்து வரும் பெரிய கப்பல்கள் பிளிமத் துறைமுகத்துக்கு வெளியே நின்று தபால் மூட்டைகளையும் சில பயணிகளையும் இறக்கிவிட்டு மேலே போகும். மூட்டைகளை லண்டனுக்குச் சேர்ப்பது கிரேட் வெஸ்டர்ன் கம்பெனி. பயணிகளை ஏற்றிச் செல்வது லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் என்ற இன்னொரு கம்பெனி. கப்பல் ஒன்று, போய்ச்சேரும் ஊரும் ஒன்று, பாதை மட்டும் இரண்டு. யார் முதலில் லண்டன் சேர்கிறார்கள் என்று போட்டி வராமல் இருக்குமா? 1904 வசந்த காலத்தில் அது உச்சத்துக்குப் போனது.

மே 9 அன்று க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் என்ற ஜெர்மன் கப்பல் நியூயார்க்கிலிருந்து தபால் கொண்டு வந்தது. ஐந்து தபால் பெட்டிகள், எடை 148 டன். இன்ஜின் சிட்டி ஆஃப் ட்ரூரோ. ஓட்டுநர் மோசஸ் கிளெமென்ட்ஸ். பெட்டி ஒன்றில் சார்லஸ் ரௌஸ்-மார்ட்டென் உட்கார்ந்திருந்தார். நியூசிலாந்தில் பல ஆண்டுகள் வாழ்ந்த பத்திரிகையாளர். ரயில் வேகங்களை அளப்பதில் அன்றைக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. அந்த இன்ஜினில் வேகம் காட்டும் கருவி எதுவும் கிடையாது. ஓட்டுநரே தன் அனுபவத்தால்தான் வேகத்தைக் கணித்தார். பாதை ஓரத்தில் கால் மைலுக்கு ஒன்றாக நட்டிருந்த மைல் குறிகளும், கையில் இருந்த ஸ்டாப்வாட்ச்சும்தான் ரௌஸ்-மார்ட்டெனின் கருவிகள்.

ரயில் எக்ஸிடரைத் தாண்டி மேடேறி, ஒயிட்பால் என்ற இடத்தில் சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கப்பாதையில் நுழைந்து வெளியே வந்தது. அங்கிருந்து வெலிங்டன் வரை ஒரே இறக்கம். ஏறத்தாழ 80 அல்லது 90 மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறங்கும். காலால் நடந்தால் சரிவு என்றே தெரியாது. ரயிலுக்கோ அது பெரிய சரிவு. கிளெமென்ட்ஸ் இன்ஜினை முழு வேகத்தில் விட்டார். கால் மைலுக்குப் பத்து வினாடி. அடுத்தது 9.8. பிறகு 9.4. பிறகு 9.2. பிறகு 8.8. அதற்குள் முன்னால் தண்டவாளத்தில் கேங்மேன்கள் வேலை செய்துகொண்டிருப்பது தெரிந்தது. அவர்கள் பாதையை விட்டு விலக நேரமாயிற்று. கிளெமென்ட்ஸ் பிரேக்கைப் போட்டார். அவ்வளவுதான், வேகம் குறைந்துவிட்டது.

பிரிஸ்டலில் இன்ஜினை மாற்றிக்கொண்டு ரயில் லண்டன் போய்ச் சேர்ந்தது. பிளிமத்திலிருந்து மொத்தம் 3 மணி 47 நிமிடம். அதுவும் பெரிய சாதனைதான். நாம் அந்தச் சரிவுக்கே திரும்புவோம்.

ஐந்து எண்களையும் இன்னொரு முறை பாருங்கள். ஏதாவது வித்தியாசமாகத் தெரிகிறதா? 9.8, 9.4, 9.2, 8.8. புள்ளிக்குப் பின்னால் வருவதெல்லாம் இரட்டை எண்கள். 9.3 இல்லை, 9.1 இல்லை, 8.9 இல்லை. இது தற்செயல் இல்லை. ரௌஸ்-மார்ட்டெனின் ஸ்டாப்வாட்ச்சின் முள் வினாடிக்கு ஐந்து முறை துள்ளி நகரும். ஒரு துள்ளல் 0.2 வினாடி. அதைவிட நுணுக்கமாக அந்தக் கடிகாரத்தால் சொல்ல முடியாது. உண்மையான நேரம் 8.9 என்றால் அது 8.8 என்றோ 9.0 என்றோதான் காட்டும்.

0.2 வினாடியில் என்ன வந்துவிடப் போகிறது என்கிறீர்களா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 402.3 மீட்டரை 8.8-ஆல் வகுத்து 3.6-ஆல் பெருக்கினால் 164.6 கிலோமீட்டர். 9.0-ஆல் வகுத்துப் பெருக்கினால் 160.9. அதாவது மிகச் சரியாக 100 மைல். ஒரே ஒரு துள்ளல், கிட்டத்தட்ட நான்கு கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்துவிடுகிறது. இதில் விரல் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தச் சற்று முந்தினாலோ பிந்தினாலோ வரும் பிழையை இன்னும் சேர்க்கவே இல்லை.

ஐந்து எண்களையும் வேகமாக மாற்றுவோம்: 144.8, 147.8, 154.1, 157.4, 164.6. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு கூடியது? 3.0, 6.3, 3.3, 7.2. சிறியது, பெரியது, சிறியது, பெரியது! ஒரே மாதிரிச் சரிவில், ஒரே மாதிரி உழைக்கும் இன்ஜின், இப்படித் தயங்கித் தயங்கிப் பாயுமா? பாயாது. ரயில் சீராகத்தான் வேகமெடுத்திருக்கும். கடிகாரத்தின் துள்ளல்தான் கணக்கில் இந்த ஏற்ற இறக்கத்தைக் கொண்டுவந்திருக்கிறது.

இன்னொரு வழியிலும் சோதிக்கலாம். புவியீர்ப்பு விசை, தடையில்லாமல் விழும் பொருளின் வேகத்தை வினாடிக்கு 9.8 மீட்டர் கூட்டும். 90-க்கு ஒன்று என்ற சரிவில் அதில் 90-இல் ஒரு பங்குதான் ரயிலை முன்னே இழுக்கும். ஒன்பது வினாடிக்கு அது சுமார் மூன்றரை கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டும். 80-க்கு ஒன்று என்ற இடத்தில் சுமார் நான்கு. காற்றின் எதிர்ப்பையும் சக்கரங்களின் உராய்வையும் இன்ஜின் தன் பலத்தால் சமாளித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒவ்வொரு கால் மைலுக்கும் நான்கு கிலோமீட்டர் அளவில் வேகம் கூடுவது நம்பும்படியாக இருக்கிறது. ஆனால் கடைசியில் 7.2 கூடியது என்றால், ஈர்ப்பு தருவதைப் போல இன்ஜினும் கிட்டத்தட்ட அதே அளவு கூடுதலாகத் தள்ளியிருக்க வேண்டும். அதுவும் இன்ஜின், அதன் கரி வண்டி, ஐந்து பெட்டிகள் எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 240 டன் எடையை, அந்த வேகத்தில் முகத்தில் மோதும் காற்றையும் கிழித்துக்கொண்டு! சிட்டி ஆஃப் ட்ரூரோ நல்ல இன்ஜின், ஆனால் சிறிய இன்ஜின். அவ்வளவு பலம் அதற்கு இல்லை.

அப்படியானால் ரௌஸ்-மார்ட்டென் தவறாக அளந்தார் என்று தள்ளிவிடலாமா? கூடாது. கடைசி இரண்டு எண்களையும் கூட்டுங்கள். 9.2, 8.8, மொத்தம் 18 வினாடி. அரை மைல். நடுவில் இருந்த குறியில் அவர் விரல் 0.1 வினாடி பிந்தியிருந்தால் என்ன ஆகும்? முதல் கால் மைலில் 0.1 கூடும், அடுத்ததில் அதே 0.1 குறையும். உண்மையில் 9.1-ம் 8.9-ம் ஆக இருந்திருக்கும். ஆனால் மொத்தம் அப்போதும் 18 வினாடிதான்! நடுவில் செய்யும் பிழை மொத்தத்தைப் பாதிக்காது. அதனால் அரை மைலுக்கான எண், கால் மைலுக்கான எண்ணைவிட நம்பகமானது. அரை மைலை 18 வினாடியில் கடந்தால் சராசரி வேகம் மிகச் சரியாக மணிக்கு 100 மைல். ரயில் வேகமெடுத்துக்கொண்டே இருந்தது என்பதால், சராசரி 100 என்றால் முடிவில் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகத்தானே இருந்திருக்க வேண்டும்?

ஆனால் அந்த 18-உம் 18.2 ஆக இருந்திருக்கலாம் என்று எதிர்த்தரப்பார் சொல்வார்கள். அப்போது சராசரி 159 கிலோமீட்டர்தான். இதற்கு விடை சொல்ல இன்னொரு சாட்சி இருக்கிறார். அதே ரயிலில் பயணம் செய்த தபால்துறை ஊழியர் வில்லியம் கென்னடியும் தன்னிடமிருந்த ஸ்டாப்வாட்ச்சில் நேரம் பார்த்திருந்தார். மறுநாளே பிளிமத் நாளிதழ்களில் செய்தி வந்துவிட்டது: வேகம் 99-க்கும் 100-க்கும் இடையே. இருவரும் தனித்தனியாக அளந்து, இவ்வளவு நெருக்கமாக வந்திருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் எடைபோட்டுப் பார்த்தால் என் முடிவு இது: 102.3 என்ற எண்ணை, அதிலும் அந்தப் புள்ளி மூன்றை, நம்புவதற்கு இடமில்லை. ஆனால் ரயில் 100 மைலைத் தொட்டது, அல்லது மயிரிழையில் தொட்டும் தொடாமலும் நின்றது. நீங்கள் வேறு முடிவுக்கு வந்தால் அதற்கும் காரணம் சொல்லுங்கள், கேட்கிறேன்.

வியப்பு என்னவென்றால், கம்பெனி இந்தச் சாதனையைப் பறைசாற்றவே இல்லை. அளவுக்கு மீறிய வேகம் என்றால் மக்கள் பயந்துவிடுவார்கள் என்று மூடி மறைத்தது. ரௌஸ்-மார்ட்டென் அடுத்த மாதம் எழுதிய கட்டுரையில் மொத்தப் பயண நேரம்தான் இருந்தது, உச்ச வேகம் இல்லை. 1905-இல் அந்த எண்களை வெளியிட்டபோதும் இன்ஜினின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ சொல்லவில்லை. 1908-இல் அவர் இறந்தார். அதற்குச் சற்று முன்புதான் பெயரைச் சொன்னார். கம்பெனி தானாக ஒப்புக்கொண்டது 1922-இல். அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1906 ஜூலை 1 அன்று போட்டிக் கம்பெனியின் கப்பல் பயணிகள் ரயில் ஒன்று சாலிஸ்பரி நிலையத்துக்கு அருகே இருந்த வளைவில் மிதமிஞ்சிய வேகத்தில் போய்த் தடம் புரண்டது. 28 பேர் இறந்தார்கள். வேகப் போட்டியும் அதோடு அடங்கியது.

சிட்டி வகையின் புகழ்க் காலமும் நீளமாக இல்லை. ரயில்களில் பெட்டிகள் கூடின, எடை கூடியது. சர்ச்வர்ட்டே 1906 முதல் நான்கு சிலிண்டர் கொண்ட, இன்னும் பெரிய ‘ஸ்டார்’ வகை இன்ஜின்களைக் கொண்டுவந்துவிட்டார். சிட்டி இன்ஜின்கள் சிறிய வேலைகளுக்குப் போயின. 1927-க்கும் 1931-க்கும் இடையில் எல்லாவற்றுக்கும் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இருபதில் பத்தொன்பது உடைக்கப்பட்டன. சிட்டி ஆஃப் ட்ரூரோவைக் காக்கச் செலவு செய்ய அதன் சொந்தக் கம்பெனி முன்வரவில்லை. வேறொரு கம்பெனியான லண்டன் அண்ட் நார்த் ஈஸ்டர்ன், யார்க் நகரில் இருந்த தன் அருங்காட்சியகத்துக்கு அதைப் பெற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் குண்டுக்குத் தப்ப, ஸ்காட்லாந்து எல்லையில் ஸ்ப்ரூஸ்டன் என்ற சிறிய ஊரின் கொட்டகையில் ஒளித்து வைத்தார்கள். 1957-இல் பழுது பார்த்து மறுபடியும் ஓடவிட்டார்கள். விழாப் பயணங்களோடு, டிட்காட் ஊரிலிருந்து புறப்படும் சாதாரணப் பயணிகள் ரயில்களையும் அது சில ஆண்டுகள் இழுத்தது. 2004-இல், அந்தப் புகழ்பெற்ற ஓட்டத்தின் நூற்றாண்டுக்காகவும் உயிர் பெற்றது. இப்போது தான் பிறந்த ஸ்விண்டன் ஊரின் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சந்தேகத்துக்கே இடமில்லாமல் 100 மைலைத் தொட்டது ஃபிளையிங் ஸ்காட்ஸ்மன் என்ற இன்ஜின், 1934 நவம்பர் 30 அன்று. அந்த ரயிலில் அளவிடுவதற்கென்றே ஒரு பெட்டியை இணைத்திருந்தார்கள். அதில் உருண்டுகொண்டே இருக்கும் காகிதச் சுருளில் பேனா தானாக வேகத்தை வரைந்துகொண்டே வந்தது. மனித விரலுக்கு அதில் வேலையில்லை.

உங்களிடம் அப்படி ஒரு பெட்டி இருக்காது. ஆனால் ரௌஸ்-மார்ட்டெனிடம் இருந்ததைவிட நல்ல ஸ்டாப்வாட்ச் வீட்டிலுள்ள செல்பேசியில் இருக்கிறது. அடுத்த முறை ரயிலில் போகும்போது ஜன்னலோரம் உட்காருங்கள். தலையையோ கையையோ வெளியே நீட்டாதீர்கள், வாசற்படிப் பக்கம் போகவே வேண்டாம். பாதை ஓரத்தில் கிலோமீட்டர் கற்கள் வரும். ஒரு கல் ஜன்னல் விளிம்பைக் கடக்கும்போது ஸ்டாப்வாட்ச்சைத் தொடங்குங்கள், அடுத்த கல் அதே விளிம்பைக் கடக்கும்போது நிறுத்துங்கள். 3600-ஐ அந்த வினாடிகளால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். 36 வினாடி என்றால் மணிக்கு 100 கிலோமீட்டர்.

உங்கள் விரல் 0.3 வினாடி பிந்தினால்? 36.3-ஆல் வகுத்தால் 99.2 வரும். ஒரு கிலோமீட்டர்கூட வித்தியாசமில்லை. அதே 0.3 வினாடிப் பிழையை ரௌஸ்-மார்ட்டெனின் 8.8-இல் சேர்த்துப் பாருங்கள், வேகம் ஐந்து கிலோமீட்டருக்கு மேல் மாறிவிடும். தூரம் கூடக் கூட விரலின் பிழை சிறுத்துப்போகிறது. ஆனால் தூரம் கூடினால் இன்னொன்றும் நடக்கும்: இடையில் ஒரு நொடி தொட்ட உச்ச வேகம் சராசரிக்குள் மறைந்துவிடும். அவர் கால் மைலைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். நண்பர் ஒருவரையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள், ஒருவர் எண்ணை மற்றவர் பார்க்காமல். ஐந்து கல்லுக்கான நேரத்தை வரிசையாகக் குறித்து முடித்த பிறகு, இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது எங்கே மாறுகிறது என்று பாருங்கள்.